சண்டை முடியட்டும்னாங்க

ரெண்டாம் உலகப் போரைப் பற்றி என் தாத்தாவுக்குத் தெரிந்தது ஒரே ஒரு வாக்கியம்தான். "சண்டை முடியட்டும்னாங்க." ஹிட்லர், சர்ச்சில் எல்லாம் அவருக்குத் தெரியாது. ஒரகடத்துக்கு மேற்கே ஒரு சேரியில் பிறந்து, அங்கேயே படியாளாக உழைத்து, அங்கேயே செத்தவர். ஆனால் அந்தப் போரில் யார் ஜெயித்தார்கள், யார் தோற்றார்கள் என்று அவருக்கு ஒரு கணக்கு இருந்தது. "நம்ம மனை தோத்துதுடா" என்பார்.

விஷயம் இதுதான். அப்போது எங்கள் சேரி நத்தம் மிராசுதாருக்குப் பாத்தியப்பட்டது. நாங்கள் கட்டிய குடிசை எங்களுடையது, அது நின்ற மண் அவருடையது. வேறு ஊருக்கு வேலைக்குப் போனால் கூரையைப் பிரித்துப் போடுவார்கள். கூலியைக் கூட்டிக் கேட்டாலும் அதே கதிதான். 1942-ல் தாத்தாவும் இன்னும் நாலு பேரும் துணிந்து போய், துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு, களத்து மேட்டில் நின்றிருக்கிறார்கள். "ஆண்டே, மனைய எங்க பேருக்கு எழுதிக் குடுங்க. கூலியில ஒரு மரக்கா சேத்துப் போடுங்க." மிராசுதார் கோபப்படவில்லையாம். சிரித்தாராம். "என்னடா அவசரம்? ஜப்பான்காரன் மெட்ராஸ் வாசல்ல நிக்கிறான். நாடே என்ன ஆகும்னு தெரியல. இப்பப் போயி மனை கேக்குறீங்களே. சண்டை முடியட்டும், பாக்கலாம்."

அந்த மிராசுதார் வீட்டுத் திண்ணையில் தினமும் சாயங்காலம் பேப்பர் படிப்பார்கள். மாட்டை ஓட்டிவந்து கட்டிவிட்டு, கூலி அளக்கும் வரைக்கும் தாத்தா தெருவில் குந்தியிருப்பார். திண்ணைப் பேச்சு முழுக்க அவர் காதில் விழும். வெள்ளைக்காரன் போனபிறகு நாடு எப்படி இருக்க வேண்டும் என்று தினம் ஒரு திட்டம் போடுவார்கள். ராஜாஜி என்பார்கள். சாவர்க்கர் என்பார்கள். பாகிஸ்தான் என்பார்கள். "நாட்டப் பத்தி அம்மாம் பேச்சு பேசுனாங்க. தெருவுல குந்திக்கினு இருந்தவன் இன்னா ஆவான்னு ஒருத்தன் கேக்கலடா."

1942 ஏப்ரலில் மெட்ராசே காலியானது. 6-ஆம் தேதி விசாகப்பட்டினத்திலும் காக்கிநாடாவிலும் ஜப்பான் விமானங்கள் குண்டு போட்டன. அதற்கு முந்தின நாள் கொழும்பில் போட்டிருந்தன. மெட்ராஸ் ஜனங்கள் ரயிலிலும் மாட்டு வண்டியிலும் உள்நாட்டுப் பக்கம் ஓடிவந்தார்கள். எங்கள் ஊருக்கும் சில குடும்பங்கள் வந்தன. ஒரகடம் ரோட்டிலிருந்து அவர்கள் மூட்டை முடிச்சை, டிரங்குப் பெட்டியைத் தூக்கிவந்தவர்கள் எங்கள் ஆட்கள். தூக்கிவந்தவனுக்குக் குடிக்கத் தண்ணீர் கையில்தான் ஊற்றினார்கள். சாவுக்குப் பயந்து ஓடிவந்தவன்கூடத் தீண்டாமையை விட்டுவிட்டு வரவில்லை. டிரங்குப் பெட்டியோடு அதையும் கொண்டுவந்தான்.

*

நான் காலேஜ் படித்து, தபால் இலாகாவில் வேலைக்குச் சேர்ந்து, 1991-ல் அம்பேத்கர் நூற்றாண்டு வந்தபோதுதான் அந்தத் திண்ணையில் என்ன பேப்பர் படித்திருப்பார்கள் என்று தேடத் தொடங்கினேன். நூற்றாண்டுக் கூட்டம் போட நாங்கள் பத்துப் பேர் அனுமதி கேட்டிருந்தோம். மே 21 இரவு ஸ்ரீபெரும்புதூரில் ராஜீவ் காந்தி கொல்லப்பட்டார். அதன்பிறகு பல வாரம் எங்கள் பக்கத்துச் சேரிகளில் இளைஞர்கள் வெளியே நடமாடவே பயந்தார்கள். அனுமதி கேட்ட இடத்தில் எங்களுக்குச் சொன்ன பதில்: "நெலம சரியாகட்டும்பா, அப்புறம் பாக்கலாம்." எனக்குத் தாத்தா ஞாபகம் வந்தது. அன்றைக்கு வீட்டுக்கு வந்து, இரவல் வாங்கிவைத்திருந்த அம்பேத்கர் தொகுதிகளை விட்டு எழுந்திருக்கவே இல்லை.

போர்க்காலத்தில் எதிர்கால இந்தியாவுக்குத் திட்டம் போட்டவர்கள் பலர். பழைய சமூகத்தைக் கலைக்காமல் புது நாடு கட்ட நினைத்தவர்களை மட்டும் இங்கே எடுத்துக்கொள்கிறேன். திண்ணையில் பேசப்பட்டவர்கள் அவர்கள்தான்.

முதலில் சாவர்க்கர். 1940 டிசம்பரில் இந்து மகாசபையின் ஆண்டு மாநாடு நம்ம மதுரையில்தான் நடந்தது. அவர்தான் தலைவர். இந்துக்கள் ராணுவத்தில் சேர வேண்டும், கடற்படையில் சேர வேண்டும், யுத்தத் தொழிற்சாலைகளில் நுழைய வேண்டும் என்பதுதான் அவருடைய போர்க்காலப் பேச்சு. போர் முடியும்போது துப்பாக்கி யார் கையில் இருக்கிறதோ நாடு அவர்கள் கையில் இருக்கும் என்பது கணக்கு. இவர் தீண்டாமை கூடாது என்றும் பேசியவர்தான். ரத்தினகிரியில் 1931-ல் எல்லாச் சாதிக்கும் பொதுவாக ஒரு கோயில் எழும்பக் காரணமாக இருந்தவர். அதை மறைக்கத் தேவையில்லை. ஆனால் சேரியை அவர் கூப்பிட்டது தலைகளை எண்ணுவதற்காக. எண்ணிக்கையில் நாங்கள் இந்து. நிலத்தில், களத்தில், கூலியில் யார் என்பதற்கு அந்தத் திட்டத்தில் பதில் கிடையாது.

அடுத்து ராஜாஜி. போரில் இந்தியாவைக் கேட்காமல் சேர்த்தார்கள் என்று 1939 அக்டோபரில் அவருடைய மந்திரிசபை ராஜினாமா செய்தது. 1942 ஏப்ரலில், குண்டு விழுந்து மூன்று வாரம்கூட ஆகாத நேரத்தில், சென்னை காங்கிரஸ் சட்டமன்ற உறுப்பினர்களைக் கூட்டி, முஸ்லிம் லீகின் பிரிவினைக் கோரிக்கையை ஒப்புக்கொண்டாவது தேசிய அரசாங்கம் அமைக்க வேண்டும் என்று தீர்மானம் போடவைத்தார். காங்கிரஸ் அதை ஏற்கவில்லை. ஜூலையில் கட்சியை விட்டே விலகினார். ‘வெள்ளையனே வெளியேறு’ இயக்கத்தில் சேரவில்லை. 1944-ல் அவருடைய திட்டத்தை வைத்துத்தான் பம்பாயில் காந்தியும் ஜின்னாவும் செப்டம்பர் மாதம் பேசினார்கள். போர் முடிந்தபிறகு முஸ்லிம்கள் அதிகமுள்ள மாவட்டங்களைப் பிரித்து, வாக்கெடுப்பு நடத்தி முடிவு செய்வது என்பது அதன் சாரம்.

இதில் எனக்கு வியப்பு ஒன்று உண்டு. நாட்டையே பங்கு போட ஒப்புக்கொள்ளும் அளவுக்குத் துணிச்சல் இந்த மனிதருக்கு இருந்தது. ஆனால் 1938-ல், இவர் பிரதம மந்திரியாக இருந்தபோது, எம்.சி.ராஜா கோயில் நுழைவு மசோதா கொண்டுவந்தார். ராஜாஜி அதை ஆதரிக்கவில்லை. மலபாரிலிருந்து படிப்படியாகப் போகலாம் என்றார். மசோதா தோற்றது. பூனா ஒப்பந்தத்தின் தனித்தொகுதியில் ஜெயித்துவந்த காங்கிரஸ் தாழ்த்தப்பட்ட உறுப்பினர்களே அதை எதிர்த்து ஓட்டுப் போட நேர்ந்தது. 1939 ஜூலையில் மதுரை மீனாட்சி கோயில் நுழைவு நடந்தபோது, அதற்குச் சட்டப் பாதுகாப்பு கொடுத்தவரும் ராஜாஜிதான் என்பது உண்மை. ஆனால் மாகாணம் முழுவதற்குமான சட்டம் 1947-ல்தான் வந்தது. தேசத்தின் எல்லையை மாற்ற அவசரம் இருந்தது. கோயிலின் எல்லையை மாற்ற நிதானம் இருந்தது.

அவர் மனதில் இருந்த எதிர்கால நாடு எது என்பது 1953-ல் நன்றாகத் தெரிந்தது. கிராமத்துப் பள்ளிக்கூடங்களில் தினம் மூன்று மணி நேரம் பாடம், மிச்ச நேரம் அப்பன் தொழிலைக் கற்றுக்கொள் என்ற திட்டம். குலக்கல்வி என்று நாடே எதிர்த்தது. 1954-ல் காமராசர் வந்து அதை எடுத்தார். அப்போது என் அப்பாவுக்கு எட்டு வயசு. அந்தத் திட்டம் நிலைத்திருந்தால் மிச்ச நேரத்தில் என் அப்பா எந்தத் தொழிலைக் கற்றிருப்பார்? செத்த மாட்டை இழுக்க. பறையடித்துச் சாவு சொல்ல. இரண்டையும் கற்பதற்கு எங்களுக்குப் பள்ளிக்கூடம் தேவைப்பட்டதில்லை.

மூன்றாவது, முதலாளிகள் போட்ட திட்டம். 1944 ஜனவரியில் டாட்டா, பிர்லா, தாக்கூர்தாஸ், ஜான் மத்தாய் முதலான எட்டுப் பேர் சேர்ந்து வெளியிட்டது. பம்பாய்த் திட்டம் என்பார்கள். 15 வருசத்தில் 10,000 கோடி ரூபாய் செலவு, தலா வருமானத்தை இரட்டிப்பாக்குவது. தொழிலுக்கு 4,480 கோடி, வீட்டு வசதிக்கு 2,200 கோடி, விவசாயத்துக்கு 1,240 கோடி, போக்குவரத்துக்கு 940 கோடி, கல்விக்கு 490 கோடி, சுகாதாரத்துக்கு 450 கோடி, மிச்சம் 200 கோடி என்று பிரித்திருந்தார்கள். நான் இந்தப் பட்டியலை ஒரு நோட்டில் எழுதி வைத்திருக்கிறேன். கூட்டிப் பார்த்தால் சரியாகப் பத்தாயிரம் வருகிறது. ஊர் வேறு சேரி வேறு என்று இருப்பதை மாற்ற இதில் ஒரு பத்தி இல்லை. இன்றைக்கு ஸ்ரீபெரும்புதூரிலிருந்து ஒரகடம் வரைக்கும் நடந்து பாருங்கள். அந்தத் திட்டத்தின் பேரப்பிள்ளைகள் வரிசையாக நிற்கின்றன. கார் இருக்கிறது, போன் இருக்கிறது, கண்ணாடி இருக்கிறது. சேரியும் இருந்த இடத்தில் இருக்கிறது.

*

அந்த நாளில் நம்மவர்கள் சும்மா இருந்தார்களா? இல்லை. இதைத்தான் படிக்கும் தோழர்கள் அழுத்தமாக நினைவில் வைக்க வேண்டும்.

1942 மார்ச் கடைசியில் கிரிப்ஸ் வந்தபோது, அம்பேத்கரும் எம்.சி.ராஜாவும் சேர்ந்து போய் அவரைப் பார்த்தார்கள். பூனா ஒப்பந்தக் காலத்தில் எதிரெதிராக நின்றவர்கள், அன்றைக்கு ஒன்றாக நின்றார்கள். போருக்குப் பிறகான அரசியல் சட்டத்தில் எங்கள் மக்களுக்கு என்ன பாதுகாப்பு என்று கேட்டார்கள். கிரிப்ஸ் கொண்டுவந்த பிரகடனத்தில் அதற்கு உருப்படியான பதில் இல்லை.

ஜூலையில் நாகபுரியில் மாநாடு. தலைமை தாங்கியவர் நம்ம சென்னையின் என்.சிவராஜ். அங்கேதான் பட்டியல் சாதியினர் கூட்டமைப்பு உருவானது. அங்கே போட்ட தீர்மானங்களில் ஒன்று, இந்து கிராமங்களிலிருந்து விலகித் தனிக் குடியிருப்புகள் வேண்டும், அதற்கு அரசாங்கம் ஒரு குடியேற்றக் கமிஷன் அமைக்க வேண்டும் என்றது. அதைப் படித்த அன்று நான் அழுதேன். அதே வருசம்தானே என் தாத்தா களத்து மேட்டில் நின்று மனை கேட்டார்! நாகபுரி என்ற ஊர் இருப்பதே அவருக்குத் தெரியாது. ஆனால் நாகபுரியில் கேட்டதும் களத்து மேட்டில் கேட்டதும் ஒன்றுதான். எங்கள் கால் வைக்கும் மண் எங்களுடையதாக இருக்கட்டும், அப்போதுதான் நாங்கள் வாய் திறக்க முடியும்.

இந்த மனைக் கேள்வி எங்கள் ஜில்லாவில் பழசு. கலெக்டர் பொறுப்பில் இருந்த திரமென்ஹீர் 1891-லேயே செங்கல்பட்டுப் பறையர்களைப் பற்றி அறிக்கை எழுதினார். குடியிருக்கும் மனைகூடச் சொந்தமில்லாததுதான் இந்த மக்களைக் கட்டிப்போடும் கயிறு என்று கண்டுபிடித்தார். 1892-ல் பஞ்சமி நில உத்தரவு வந்தது. அந்த நிலங்கள் எப்படிக் கைமாறின என்பது உங்களுக்குத் தெரியும். 1994 அக்டோபர் 10-ல், காரணைப் பஞ்சமி நிலத்துக்கான போராட்டத்தில், செங்கல்பட்டில் போலீஸ் சுட்டு ஜான் தாமசும் ஏழுமலையும் செத்தார்கள். எங்கள் சேரிக்கும் ரெண்டு ஏக்கர் இருந்ததாகப் பெரியவர்கள் சொல்வார்கள். தொழிற்பேட்டைக்கு நிலம் எடுத்தபோது, காகிதத்தில் யார் பேர் இருந்ததோ அவர்களுக்குத்தான் பணம் போனது. காகிதத்தில் எங்கள் பேர் இல்லை.

அம்பேத்கர் அதே 1942 ஜூலையில் வைசிராயின் நிர்வாகக் குழுவில் தொழிலாளர் உறுப்பினரானார். 1946 வரைக்கும் இருந்தார். வெள்ளைக்காரனோடு சேர்ந்துகொண்டார் என்று இன்றைக்கும் சிலர் ஏசுகிறார்கள். அவர் நாஜிகளை எதிர்க்கும் போரை ஆதரித்தார். மகர் ரெஜிமெண்ட் 1941-ல் மறுபடி எழும்ப வேண்டும் என்று வாதாடியவர். ஆனால் போரை ஆதரித்த அதே வாயால், அதே போர் நடக்கும்போது, தொழிலாளியின் கேள்வியையும் மேசைமேல் வைத்தார். 1943-ல், தொழிற்சங்கத்தை முதலாளி கட்டாயம் அங்கீகரிக்க வேண்டும் என்று மசோதா கொண்டுவந்தார். தொழிற்சாலைகளில் வாரத்துக்கு 54 மணி நேரம் என்றிருந்ததை 48 ஆகக் குறைக்கும் சட்டம் 1946-ல் வந்ததும் அவர் கொண்டுவந்துதான்.

அவர் கையிலும் போர் கறை வைத்தது. அதையும் எழுதத்தான் வேண்டும். நிலக்கரி போதவில்லை என்று, பெண்களைச் சுரங்கத்துக்கு அடியில் இறக்கக் கூடாது என்றிருந்த தடை 1943-ல் தளர்த்தப்பட்டது. அவர் இலாகாவில்தான் அது நடந்தது. 1946-ல்தான் தடை திரும்ப வந்தது. அந்தச் சுரங்கங்களில் இறங்கிய பெண்களில் நம்ம மாதிரிச் சாதிப் பெண்கள்தான் அதிகம் இருந்திருப்பார்கள். போர் என்று வந்தால் எவ்வளவு பெரிய மனிதராக இருந்தாலும் அது வளைக்கப் பார்க்கும். அதனால்தான் கேள்வியை ஒரு நாள்கூடத் தள்ளிவைக்கக் கூடாது என்கிறேன்.

சங்க அங்கீகாரச் சட்டம் என்ன ஆனது தெரியுமா? 1947-ல் திருத்தச் சட்டமாக நிறைவேறியது. ஆனால் அமலுக்கு வரும் தேதி அறிவிக்கப்படவே இல்லை. இன்றுவரை இல்லை. "சண்டை முடியட்டும்" என்பதன் சட்ட வடிவம் இதுதான். 2024 செப்டம்பர் 9 முதல் 37 நாள் சுங்குவார்சத்திரத்தில் சாம்சங் தொழிலாளிகள் வெயிலிலும் மழையிலும் பந்தலில் உட்கார்ந்ததில் முக்கியமான கோரிக்கை, எங்கள் சங்கத்தை அங்கீகரி என்பது. 1943-ல் கேட்டது. எண்பது வருசம் கழித்து, எங்கள் வீட்டிலிருந்து சைக்கிள் மிதிக்கும் தூரத்தில், மறுபடி கேட்க வேண்டியிருந்தது.

*

இப்போது 2025-க்கு வருகிறேன். இதை எழுத உட்கார்ந்ததே அதற்காகத்தான்.

என் அக்கா மகன் ஐ.டி.ஐ. ஃபிட்டர். வாகன உதிரிபாகம் செய்யும் ஒரு கம்பெனியில் காண்ட்ராக்ட் ஆள். ஐந்து வருசமாக ‘பயிற்சியில்’ இருக்கிறான். நாலு தொழிலாளர் சட்டத் தொகுப்புகளை எதிர்த்து மத்தியத் தொழிற்சங்கங்கள் மே 20 அன்று பொது வேலைநிறுத்தம் அறிவித்திருந்தன. அவனும் அவன் அறையில் தங்கியிருக்கும் பையன்களும் கேட்டுக்கு வெளியே நோட்டீஸ் கொடுப்பதாக இருந்தார்கள். ஏப்ரல் 22-ல் பஹல்காமில் அப்பாவி ஜனங்களைச் சுட்டுக் கொன்றார்கள். மே 7-ல் ஆபரேஷன் சிந்தூர் தொடங்கியது. கல்பாக்கத்திலும் சென்னைத் துறைமுகத்திலும் போர்க்கால ஒத்திகை நடந்தது. நாலு நாள் டி.வி.யை யாரும் அணைக்கவில்லை.

அந்த நாலு நாளில் எங்கள் டீக்கடை மறுபடி மிராசுதார் திண்ணையாக மாறியதைப் பார்த்தேன். 2047-ல் நாடு வல்லரசாகிவிடும் என்றார் ஒருவர். ஜனநாயகம், கோர்ட்டு, யூனியன் எல்லாம் நாட்டைப் பின்னால் இழுக்கிறது, பத்து வருசம் கண்டிப்பாக நடத்தினால்தான் உருப்படும் என்றார் இன்னொருவர். "ரிசர்வேஷன்ல வந்தவனையா மிஷின்கிட்ட வுடுவாங்க" என்று ஒருவர் சிரித்தார். மே 12 இரவு பிரதமர் பேசினார், இந்தியாவில் செய்த ஆயுதங்களைப் பற்றிப் பெருமையாகச் சொன்னார். உடனே ஒருவர், "நம்ம வல்லம் வடகால்லதான்யா ஏரோப்ளேன் பார்க்கு. இனிமே இங்கதான் எல்லாம்" என்றார். உண்மைதான். 2018 பட்ஜெட்டில் தமிழ்நாட்டுக்கு ராணுவத் தளவாட வழித்தடம் அறிவித்தார்கள். வல்லம் வடகாலில் விமானத் தொழிலுக்கென்று பூங்கா இருக்கிறது. போர் இனிமேல் எங்களுக்கு டி.வி. சமாச்சாரம் மட்டும் கிடையாது. எங்கள் பிள்ளைகள் அதன் ஆணியைத் திருகப்போகிறவர்கள்.

கம்பெனிக் குரூப்பில் சூப்பர்வைசர் செய்தி போட்டிருந்தார். நாடு நெருக்கடியில் இருக்கும்போது கேட்டில் கூட்டம் போடுகிறவன் தேச விரோதி என்று. அதைப் பார்த்துவிட்டு என் அக்கா மகன் ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு வந்தான். நான் எதிர்பார்க்காததைச் சொன்னான்.

"மாமா, அவங்க சொல்றதும் நாயந்தானே? நாடு இருந்தாத்தானே நமக்கு உரிமை? எல்லையில சாவுறவன் இருக்கான். நாங்க இங்க நோட்டீஸ் குடுத்துக்கினு இருந்தா நல்லாவா இருக்கும்?"

அவனைத் திட்ட எனக்கு மனம் வரவில்லை. நம்ம பிள்ளைகளுக்கு நாட்டுப் பற்று இல்லை என்று யாராவது சொன்னால் அதைவிடப் பொய் கிடையாது. சிப்பாயாகச் சாவதில் நாம் எப்போதும் முன்னால் நின்றவர்கள். மெட்ராஸ் பட்டாளத்தில் பறையர்கள் இருந்தார்கள். வடக்கே சமார் ரெஜிமெண்ட் 1943-ல் எழும்பியது. போர் முடிந்ததும் 1946-ல் கலைத்துவிட்டார்கள். சண்டைக்கு வேண்டியிருந்தோம். சண்டை முடிந்ததும் வேண்டாமல் போனோம்.

நான் அவனுக்கு அம்பேத்கர் கதையைத்தான் சொன்னேன். "அவரும் போரை ஆதரிச்சாருடா. ஹிட்லர் ஜெயிக்கக் கூடாதுன்னு நெனச்சாரு. ஆனா சண்டை முடியட்டும்னு ஒக்காரல. சண்டை நடக்கும்போதே சங்கத்துக்கு மசோதா போட்டாரு. நீ ராணுவத்துக்குச் சலாம் வை, வேணாங்கல. ஒரு கையில சலாம் வச்சா இன்னொரு கையில நோட்டீஸ் இருக்கக் கூடாதா?"

"இப்ப குடுத்தா வேலை போயிடும் மாமா."

அது உண்மை. அதற்கு என்னிடம் பதில் இல்லை. அவன் சம்பளத்தில்தான் அக்கா வீடு ஓடுகிறது. நான் பென்சன் வாங்குகிறவன். பேசுவது எனக்குச் சுலபம்.

அவன் முடிவெடுக்குமுன் சங்கங்களே முடிவெடுத்துவிட்டன. நாட்டின் நிலைமையைக் கருதி மே 20 வேலைநிறுத்தத்தை ஜூலை 9-க்குத் தள்ளிவைப்பதாக அறிவித்தார்கள். நான் அந்தத் தலைவர்களைக் குறை சொல்லவில்லை. அவர்களுக்கும் நெருக்கடி இருந்திருக்கும். ஆனால் ஒன்றைக் கேட்கிறேன். அந்த ஏழு வாரத்தில் முதலாளிகள் எதையாவது தள்ளிவைத்தார்களா? நாடு நெருக்கடியில் இருக்கிறது, காண்ட்ராக்ட் ஆளைக் குறைப்பதை அப்புறம் பார்க்கலாம் என்று எந்தக் கேட்டிலாவது போர்டு மாட்டினார்களா?

1962-ல் சீனப் போரின்போதும் இதேதான். நவம்பர் தொடக்கத்தில் தொழில் சமாதானத் தீர்மானம் என்று ஒன்று வந்தது. வேலைநிறுத்தம் வேண்டாம், கூடுதல் நேரம் உழைப்போம், பாதுகாப்பு நிதிக்குக் கொடுப்போம் என்று தொழிற்சங்கங்கள் ஒப்புக்கொண்டன. விலை ஏறாது என்று தொழிலாளிகளுக்குச் சொல்லப்பட்டது. விலை ஏறாமல் இருக்கவில்லை. அது நேரு காலத்து அரசாங்கம், இது வேறு அரசாங்கம். பழமைவாதிக் கட்சிக்கு மட்டும் உரிய வியாதி என்று இதைச் சொல்லித் தப்பிக்க முடியாது. போர் வந்தால் எல்லாக் கட்சிக்குள்ளும் ஒரு மிராசுதார் எழுந்து உட்காருகிறார்.

ஜூலை 9 வேலைநிறுத்தம் நடந்தது. என் அக்கா மகன் அன்றைக்கு ஷிப்டுக்குப் போகவில்லை. நோட்டீசும் கொடுத்தான். ஆகஸ்டில் அவன் காண்ட்ராக்டைப் புதுப்பிக்கவில்லை. காரணம் எழுத்தில் எதுவும் இல்லை. இப்போது வேறொரு இடத்தில், வேறொரு காண்ட்ராக்டரிடம், மறுபடி ‘பயிற்சியில்’ முதல் வருசம். நவம்பர் 21-ல் நாலு சட்டத் தொகுப்புகளும் அமலுக்கு வந்துவிட்டன. 1947 சங்கச் சட்டத்துக்குக் கிடைக்காத தேதி இவற்றுக்கு ஒரே நாளில் கிடைத்தது.

நான் சொல்லித்தான் அவன் போனானா என்று அக்கா என்னைக் கேட்டாள். "ஒன் பேச்சக் கேட்டுத்தான் எம் புள்ள வேலைய வுட்டான்" என்று ரெண்டு மாதம் பேசவில்லை. அது நியாயமான கோபம். அதை நான் சுமக்கத்தான் வேண்டும்.

*

எங்கள் மனைக்கு என்ன ஆனது என்று சொல்லாமல் விட்டுவிட்டேன். 1971-ல் தமிழ்நாட்டில் குடியிருப்புச் சட்டம் வந்தது. விவசாயக் கூலிகள் குடியிருக்கும் மனை அவர்களுக்கே சொந்தம் என்றது. எங்கள் சேரிக்குக் காகிதம் வந்துசேர 1975 ஆகிவிட்டது. போர் முடிந்து முப்பது வருசம். நான் அப்போது ஒன்பது வயசுப் பையன். தாத்தா அந்தக் காகிதத்தை என்னிடம் கொடுத்துப் படிக்கச் சொன்னார். தன் பேர் வந்த இடத்தை ரெண்டு தடவை படிக்கவைத்தார். அப்புறம் கேட்டார்: "அப்ப சண்டை இப்பத்தான் முடிஞ்சிதாடா?"

எல்லோரும் சிரித்தோம். அவர் சிரிக்கவில்லை.

தோழர்களுக்கு ஒரு வேண்டுகோள். உங்கள் சேரியில் எண்பது, தொண்ணூறு வயசுப் பெரியவர்கள் இருந்தால் இப்போதே போய்க் கேளுங்கள். போர்க்காலத்தில் உங்களிடம் என்ன வாங்கினார்கள், எதைத் தள்ளிவைத்தார்கள் என்று கேட்டு எழுதிவையுங்கள். சுதந்திரப் போராட்ட வரலாறு எழுதியவர்கள் திண்ணையில் என்ன பேசினார்கள் என்று எழுதிவிட்டார்கள். தெருவில் குந்தியிருந்தவன் கேட்டது இன்னும் எழுதப்படவில்லை. அடுத்த சண்டை வரும்போது, நாட்டின் எதிர்காலத்துக்கு ஒருவன் திட்டம் கொண்டுவந்து உங்கள் முன்னால் விரிப்பான். கொடி என்ன நிறம், எல்லை எதுவரை என்று பார்ப்பதோடு நிற்காதீர்கள். மனை யார் பேரில், வேலை எத்தனை மணி நேரம், சங்கத்தை ஒப்புக்கொள்கிறானா என்று கேளுங்கள். "சண்டை முடியட்டும்" என்று அவன் சொன்னால், தேதியை எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தரச் சொல்லுங்கள்.